கழட்டி மெக்கானிக்

“கழட்டிடலாமா?” என்றார் ஐஸ்காரர், மூன்றாவது நாளாக.

“எதை?” என்றாள் மனைவி, தெரியாதவள் மாதிரி.

“பிக்கப்ல இருக்கற புகை ஃபில்டரைத்தான்.”

ஐஸ் ஃபேக்டரிக்கும் மீன் மார்க்கெட்டுக்கும் நடுவே நாலே கிலோமீட்டர். அதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நின்று நின்று ஓட்டினால், டீசல் வண்டியின் ஃபில்டரில் கரி அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டது. போன வாரம் மேம்பாலத்து ஏற்றத்தில் வண்டி மூச்சுத் திணறி நத்தையாக ஊர்ந்ததில், மார்க்கெட் போய்ச் சேர்ந்தது பாதி ஐஸ், பாதி தண்ணீர்.

“மீனை நீந்த விடறதுக்கா ஐஸ் கேட்டேன்?” என்று மீன்காரம்மா கேட்ட கேள்வி இன்னும் அவர் காதிலேயே இருந்தது.

“கம்பெனில புதுசு மாத்தணுங்கறான். அந்த விலைக்கு எனக்கே புது நுரையீரல் வச்சுக்கலாம். ‘கழட்டி’கிட்ட விட்டா ஒரே நாள்ல முடிச்சிடுவாராம்.”

‘கழட்டி’ என்பது மெக்கானிக்குக்கு ஊர் வைத்த பட்டம். பாதி ஊர் பிக்கப்புகளின் ஃபில்டரைக் கழட்டிய கை அது என்று பேச்சு.

மனைவிக்குக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் உத்தியோகம். இழுப்பு வந்து தவிக்கிற பிள்ளைகளுக்கு நெபுலைசர் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அவளுக்கு முக்கால்வாசி வேலை.

“தாராளமா கழட்டுங்க. எங்க வார்டுல ரெண்டு கட்டில் காலியா கிடக்கு, பாவம்.”

“ஊர்ல எல்லாரும்தான் கழட்டறான். நான் ஒருத்தன் கழட்டினாதான் வானம் கறுத்துடுமா?”

“சேச்சே! வானத்துக்கு என்ன, தாங்கிக்கும். குழந்தைங்கதான் கொஞ்சம் இருமும்.”

அவருக்குச் சுருக்கென்றது. அன்று கழட்டவில்லை. மறுநாளும் யோசித்தார்.

அதற்கடுத்த நாள் அதே ஏற்றத்தில் வண்டி மறுபடி ஊர்ந்தது. இனிமேல் வேறு ஐஸ்காரரைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார் மீன்காரம்மா.

ஐஸை விடச் சீக்கிரம் உருகக்கூடிய சரக்கு ஒன்று உண்டு. அதற்கு மனசாட்சி என்று பெயர். நேராக மெக்கானிக்கிடம் போய் நின்றார்.

“கழட்டிடலாம் சார்,” என்றார் மெக்கானிக். “ஆனா வேலை நடக்கறப்ப பக்கத்துல யாரும் நிக்கக் கூடாது. சாவியைக் கொடுத்துட்டு நாளைக்குச் சாயங்காலம் வாங்க. அப்புறம், வாரத்துல ஒரு நாள் பைபாஸ்ல அரை மணி நேரம் நிறுத்தாம ஓட்டணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை இங்க கொண்டு வரணும்.”

“எதுக்கு?”

“செட்டிங்.”

ஐஸ்காரர் விவரம் தெரிந்தவர் போலத் தலையை ஆட்டினார். செட்டிங் என்றால் என்ன என்று கேட்டால் கௌரவம் என்னாவது?

வண்டி பறந்தது. மீன்காரம்மா சமாதானமானார். ஒரு மாதம் கழித்து ஐஸ்காரர் வீட்டுக்குள் நுழையும்போதே சிரித்தார்.

“புகை டெஸ்ட்லயும் பாஸ்! ஃபில்டரே இல்லாத வண்டி! எந்த ஆபீசரை எப்படிச் சரிக்கட்டினாரோ, மகா கில்லாடி மனுஷன்!”

மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு அவள் வார்டில் கட்டிலுக்கு இரண்டு குழந்தைகள். மறுநாள் டியூட்டி முடிந்த கையோடு ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பினாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு, அப்படியே போய்ப் புகாரும் கொடுத்துவிடுவது என்று முடிவு.

வாசலில் மூன்று பிக்கப்புகள் காத்து நின்றன. அவள் யாரிடமும் எதுவும் கேட்காமல் உள்ளே போய், பின்பக்கத் தகரக் கதவைத் தள்ளினாள்.

மெக்கானிக் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு குனிந்து நின்றார். கையில் ஹோஸ். ஃபில்டர் ஒன்றுக்குள் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார். மையாகக் கரித்தண்ணீர் தொட்டியில் வடிந்தது. பக்கத்து வண்டியின் அடியில், கழுவிக் காயவைத்த இன்னொரு ஃபில்டர் பாதி மாட்டினபடி தொங்கியது.

“என்ன அண்ணே, கழட்டினதை மறுபடி மாட்டறீங்க?”

மெக்கானிக் திடுக்கிட்டுத் திரும்பினார். “யாரும்மா நீங்க?”

“ஐஸ் வண்டிக்காரர் சம்சாரம். எங்க ஃபில்டர் எங்க?”

அவர் ஹோஸை நிறுத்தினார். வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“உங்க வண்டிலதான் இருக்கு. எல்லார் வண்டிலயும் இருக்கு. தயவு செஞ்சு வெளிய சொல்லிடாதீங்கம்மா, என் பொழப்பே போயிடும்.”

“அப்ப நீங்க ஒண்ணைக்கூட…?”

“ஒண்ணைக்கூட எடுத்ததில்ல. கழுவி, காயவச்சு, மாட்டி அனுப்பிடுவேன். அடைப்பு போனா வண்டி தானா ஓடும். பைபாஸ்ல நிறுத்தாம ஓட்டினா சேர்ற கரி சூட்டுல எரிஞ்சுடும், மிச்சத்தை மூணு மாசத்துக்கு ஒரு தடவை நான் கழுவிடுவேன். டெஸ்ட்லயும் தேறும்.”

“அதைச் சொல்லியே செய்யலாமே. எதுக்கு இந்தப் பொய்?”

“‘ஃபில்டர் கழுவித் தரப்படும்’னு ரெண்டு வருஷம் போர்டு வச்சிருந்தேம்மா. ஈ ஓட்டினேன். ‘கழட்டித் தரேன்’னு ஒரே ஒருத்தர்கிட்ட சும்மா சொன்னேன். மறுநாள் காலையில வாசல்ல க்யூ!”

அவள் கைப்பையைத் திறந்து, ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கொள்ள வாங்கிய நல்ல மாஸ்க் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

“துணி பத்தாதுண்ணே. இதைப் போட்டுக்கங்க.”

வெளியே வந்தபோது, பிக்கப்பில் சாய்ந்து நின்ற ஒருவர் அவளை மறித்தார்.

“ஏம்மா, இந்த ஆள் ஒழுங்கா கழட்டுவாரா? கழட்டறேன்னு சொல்லிட்டு மிச்சம் மீதி வச்சிடுவாரோன்னு ஒரே யோசனையா இருக்கு.”

புகார் கொடுக்க வந்தவள் ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை.

“தைரியமா விட்டுட்டுப் போங்க. சுத்தமா கழட்டிடுவார்!”