நானூறு பேருக்கு ஒரு தீபம்

“மொத்தம் நானூறு பேருக்கு சாமி” என்றார் அமிர்தலிங்கம், கையிலிருந்த எண்ணெய்த் தூக்கைக் கீழே வைத்துவிட்டு.

பஞ்சாபகேச குருக்களுக்கு முகம் மலர்ந்தது. அந்தச் சிவன் கோயிலில் அன்னதானம் நடந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. “பேஷாப் பண்ணிடலாம். புளியோதரையா, சர்க்கரைப் பொங்கலா?”

“சாப்பாடு இல்ல சாமி. மோட்ச தீபம்.”

குருக்கள் பதறிப் போனார். “ஐயோ, ஆத்துல யாரு?”

“எங்க வீட்டுல யாருமில்ல. வடக்க மலை சரிஞ்சு ஊரே மண்ணுக்குள்ள போயிடுச்சுன்னு டிவியில காட்டுறானே... அவங்களுக்கு.”

குருக்களுக்கோ நேரமில்லை. நீடாமங்கலத்தைச் சுற்றி மூன்று ஊர்க் கோயில்களுக்கு அவர் ஒருவர்தான். இங்கே நடை சாத்திவிட்டு மொபெட்டை முடுக்கினால்தான் அடுத்த ஊர் சாயரட்சைப் பூஜைக்குப் போய்ச் சேர முடியும். அங்கே காத்திருக்கும் உபயதாரர் ஏற்கெனவே போன் பண்ணித் துளைத்துக்கொண்டிருந்தார்.

மலை சரிந்தது அவருக்கும் தெரியும். டீக்கடையில் அதுதான் பேச்சு. நேற்று இருநூறு, இன்று நானூறு என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி கேட்டுக்கொள்கிறார்கள். அவரும் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே டிவியைப் பார்த்தார், “அடப் பாவமே” என்றார், கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவர் ஒன்றும் கல்நெஞ்சுக்காரர் இல்லை. போன மாதம், கோயிலுக்குப் பூக் கொண்டுவந்த ரெத்தினம் வெட்டாற்றில் முழுகிச் செத்தபோது அவருக்குச் சோறு இறங்கவில்லை. ரெத்தினத்தின் சைக்கிள் கரையில் தனியாக நின்றது இப்போதும் கண்ணிலேயே இருக்கிறது. ஆனால் நானூறு பேரை எப்படி நினைப்பது? யார் முகத்தை நினைப்பது?

“சரி, ஏத்தறேன். பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ.”

“எல்லாருக்கும் பொதுவா ஏத்துங்க சாமி.”

“சங்கல்பத்துல பேர் சொல்லணுமே. லோகத்துல தினம் எத்தனையோ பேர் போறா. இன்னாருக்குன்னு சொல்லலேன்னா சுவாமிக்கு எப்படித் தெரியும்?”

“சாமிக்குத் தெரியாதா?” அமிர்தலிங்கத்தின் குரல் சட்டென்று உயர்ந்தது. அவரே அடக்கிக்கொண்டார். “மன்னிச்சுக்குங்க. பேரு மட்டும் கேக்காதீங்க.”

மனுஷன் ஓரிடத்தில் நிற்கவில்லை. கொடிமரத்தடிக்குப் போய், டவர் கிடைக்கிறதா என்று போனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். திரும்பி வந்தார். வந்த கால் தரிக்காமல் மறுபடியும் போனார். இவருக்கும் ஸ்கோர்ப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று குருக்கள் மனசுக்குள் சலித்துக்கொண்டார்.

எப்படியாவது இன்னொரு நாளைக்குத் தள்ளிவிடலாம் என்று பார்த்தார். “இப்ப என்ன அவசரம்? தீபாவளிக்கு செந்தில் வருவானோல்லியோ, அவனையும் கூட வெச்சுண்டு நன்னாப் பண்ணுவோமே.”

செந்தில்குமார் அமிர்தலிங்கத்தின் ஒரே பிள்ளை. பாலம் கட்டும் கம்பெனியில் இன்ஜினீயர். எந்த மாதம் எந்த ஊரில் இருப்பான் என்பது குருக்களுக்கு நினைவில் நிற்பதே இல்லை.

“வருவான் சாமி. கண்டிப்பா வருவான். ஆனா இத இன்னிக்கே ஏத்திடுங்க.”

இனி இவரிடம் பேசிப் பயனில்லை என்று குருக்கள் அகலை எடுத்தார். “செத்தவா போக, இன்னும் நூறு பேரைக் காணலையாமே. அவாளையும் சேர்த்துடறேன். ஒரே தீபமாப் போயிடும்.”

“வேணாம்!”

யாரும் தொடாமல் மடியாக நின்றவரின் கையையே அமிர்தலிங்கம் எட்டிப் பிடித்துவிட்டார். இத்தனை வருஷப் பழக்கத்தில் அப்படி ஒருநாளும் செய்தவர் இல்லை.

“காணாமப் போனவங்களச் சேக்காதீங்க சாமி. அவங்கள்லாம் உசுரோடதான் இருப்பாங்க.”

குருக்களுக்குக் கோபம் வரவில்லை. முன்பின் தெரியாத ஜனங்களுக்காக இப்படித் துடிக்கிற ஒருவரை அவர் பார்த்ததே இல்லை. தன்னை நினைத்தால் வெட்கமாக இருந்தது.

“உங்க மனசு எனக்கு வரலையே” என்றார் வாய்விட்டே.

மறுபடியும் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. உபயதாரர் காத்திருக்கட்டும். பேரும் வேண்டாம், நட்சத்திரமும் வேண்டாம் என்று தீர்மானித்து, அகலில் எண்ணெய் ஊற்றித் திரியை நனைத்தார்.

கோயில் வாசலில் ஆள் அரவம் கேட்டது. அமிர்தலிங்கத்தின் மனைவி பிரகதாம்பாள், தலை அவிழ்ந்து தொங்க, மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். அவ்வளவு தூரம் ஓடி வந்தவள் வாசற்படியைத் தாண்டவில்லை.

“நல்ல சமயத்துல வந்தேள். உள்ள வாங்கோ, ரெண்டு பேருமாச் சேர்ந்து ஏத்துங்கோ” என்று குருக்கள் கூப்பிட்டார்.

அமிர்தலிங்கம் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரோடு சுவராக நின்றார். அவளும் அவரைப் பார்க்கவில்லை, குருக்களைத்தான் பார்த்தாள்.

“செந்தில மண்ணுலேருந்து எடுத்துட்டாங்களாம் சாமி. தீட்டு, நாங்க உள்ள வரக் கூடாது, அவரையும் வெளிய அனுப்புங்க.”