வீடு ஓடப் பள்ளிக்கூடம்

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காத சுடலைமாடன், தண்ணீர் இருக்கும் ஊர்களைத் தேடிப் போக ஒரு பழைய பள்ளிப் பேருந்தை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிக் கட்டிலும் அடுப்பும் வைத்து வீடாக்கினான். அதன் கணினி மூளையை மட்டும் மாற்ற முடியவில்லை. மாணவர் ஏறினால்தான் வண்டி கிளம்பும். தான் மாணவனாக வெட்கப்பட்டு அவன் மனைவியை முன்னே தள்ளிவிட, முப்பிடாதி நாற்பது வயதில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். வண்டியே பாடம் நடத்தியது. பன்னிரண்டு வருடம் ஓடிற்று.

இன்று கடைசிப் பரீட்சை.

"வெறும் பேப்பரக் குடுத்துட்டு வாட்டி. பாஸாயிட்டன்னா வீடு நின்னுபோயிரும்லா? அப்பறம் தண்ணி இருக்க ஊருக்கு எப்படிப் போவ?" என்றான்.

முப்பிடாதி மூன்று மணி நேரமும் எழுதினாள். கூடுதல் தாளும் வாங்கினாள். வெளியே வந்ததும் தன் அடையாள அட்டையைக் கழற்றி அவன் கழுத்தில் மாட்டினாள்.

"நாளைலருந்து நீங்க ஒண்ணாங்கிளாஸ். ஏறி உக்காருங்க."