கையால் எழுதிய காரணம்

எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய் அபராதம், கட்டாவிட்டால் முப்பத்தாறு நாள் சிறை என்று நீதிமன்றத் தீர்ப்புப் பெட்டி கணக்குப் போட்டுச் சொன்னது. மூட்டை தூக்குகிற என்னிடம் அவ்வளவு பணம் ஏது? ரேஷன் தண்ணீர்த் தொட்டியின் பூட்டை உடைத்தது நான்தான். வெயிலில் மயங்கி விழுந்த கூட்டாளிக்காக உடைத்தேன்.

"இது நியாயமில்லை. தள்ளுபடி பண்றேன்" என்றார் நீதிபதி அமலா அம்மா.

பெட்டியின் தீர்ப்பை நீதிபதி மாற்றலாம். ஆனால் காரணத்தைக் கையால் எழுத வேண்டும் என்பது சட்டம். எல்லாவற்றையும் பெட்டியிடம் பேசியே பழகிய அம்மா பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோர்ட்டு டவாலியும் எழுதத் தெரியாமல் தலையைச் சொறிந்தார்.

"நான் எழுதுவேம்மா. அம்பது வயசுல ராப்பள்ளிக்கூடத்துல கத்துக்கிட்டேன்" என்றேன்.

"குற்றவாளியே தீர்ப்பு எழுதுறதா?" என்று அரசு வக்கீல் சிரித்தார்.

"கைதான் அவரோடது, காரணம் என்னோடது. எழுதுங்க சடையப்பன்: அந்த இடத்தில் நானும் உடைத்திருப்பேன்."

நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதி முடித்தேன். முன்பெல்லாம் நான் வைத்த மாதிரியே அம்மா அதன் கீழே கைநாட்டு வைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

"அந்தப் பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு?"

"ஏழு மணிக்கும்மா" என்று நான் சொல்லும்போதே, பெட்டி என் அபராதத்தை அழித்திருந்தது.