அம்மாவின் பிரஷ்

ஜெனிட்டாவின் பால்பல் வேர்க்குழாயை டாக்டர் மெஹருன்னிசா மூன்று முறை சுத்தம் செய்துவிட்டார். குழாய்க்குள் விடப்படும் கிருமிதின்னிகள் ஊசிமுனை போகாத வளைவுகளிலும் புகுந்து, கிருமிகளைத் தின்று தீர்த்துவிட்டுத் தாமும் மடியும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் நான்காம் நாளே சீழ் வந்தது. ஏனென்று அவருக்குப் புரியவில்லை.

“விழப்போற பல்லுதான டாக்டர், புடுங்கிப் போட்டுருங்க. பிள்ளை வலியில தூங்கவே மாட்டேங்கா,” என்றார் அப்பா சகாயராஜ்.

“அஞ்சு வயசுல புடுங்கினா அடியில வர்ற பல்லு இடம் மாறிரும். ஆமா, இவளுக்கு யாரு சோறு ஊட்டுறது?”

“இப்ப நான்தான். முன்னால இவ அம்மா. சூடு பாக்க ஒவ்வொரு வாயையும் தன் உதட்டுல வச்சுட்டுதான் ஊட்டுவா. அவ தவறிப் பத்து மாசமாச்சு.”

டாக்டருக்கு விளங்கியது. கிருமி அம்மாவிடமிருந்து வந்தது. மகளின் வாயில் அது உரு மாறிக்கொண்டே இருப்பதால் தப்பிவிடுகிறது. மாறாத மூலக்கிருமியைத் தின்று வளர்ந்த தின்னிகளிடம் எந்த உருவும் தப்பாது.

“அவங்க பல்லு தேய்ச்ச பிரஷ் இருக்கா? காய்ஞ்ச பிரஷ்ல கிருமி மாறாம அப்படியே கிடக்கும்.”

குளியலறைக் குவளையில், தன் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் அதைச் சகாயராஜ் இன்னும் வைத்திருந்தார்.

“திருப்பித் தருவீங்களா?”

“தர முடியாதுங்க. கரைச்சிருவோம்.”

மறுநாள் அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். பிரஷ்ஷைக் கரைத்து எடுத்த கிருமியை ஊட்டி வளர்த்த தின்னிகளை டாக்டர் குழாய்க்குள் விட்டார். நான்காம் நாள் சீழ் வரவில்லை. அம்மா கொடுத்த கிருமி ஒன்றுகூட அந்தப் பல்லில் மிச்சமில்லை.