பாய்க்கு அடியில்

டம்ளர் சென்னிமலையின் கையிலிருந்து நழுவி உருண்டது.

தண்ணீர் பாயில் பரவியது. பெண் பார்க்க வந்திருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் அப்புசாமி காலை மடக்கினார். பாய்க்கு அடியில் ஏதோ சடசடத்தது.

அவர் பாயைப் பார்த்தார். பிறகு சென்னிமலையைப் பார்த்தார்.

வந்ததிலிருந்தே அந்தக் கண் நகரவில்லை. எந்த பஸ்ஸில் வந்தீர்கள் என்று சென்னிமலை இரண்டு தரம் கேட்டாகிவிட்டது. வெயில் கண்ணில் படாமல் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார். எழுந்தால் சுவரைப் பிடித்தார்.

அவர் மனைவி பூவாத்தாள் துணியோடு வந்து, பாயைத் தூக்காமலே துடைத்தாள். கணவரின் தலையைப் பிடித்த எக்ஸ்ரே படம் அதற்கு அடியில்தான் இருந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்ட அவசரத்தில் செருகியிருந்தாள்.

ஆடிக் காற்றில் ஒரு தென்னை மட்டை அவர் தலையில் விழுந்தது. ரத்தம்கூட வரவில்லை. தடவிக்கொண்டு வேலையைப் பார்த்தார். தலைவலி, தள்ளாட்டம், மறதி எல்லாம் பிறகுதான் வந்தன. தை பிறந்தும் போகவில்லை.

கோயமுத்தூர் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, எலும்பு நன்றாக இருக்கிறது என்றார். மூளை இதில் தெரியாது. அதைப் படம் பிடிக்கச் சீமையில் புது மிஷின் வந்திருக்கிறது, இங்கே வர நாளாகும் என்றார்.

மூளை என்ற பேச்சு மாப்பிள்ளையின் ஊரான பொள்ளாச்சிக்குப் போனால் போதும். வம்சத்தில் ஓடும் என்பார்கள். உள்ளே நிற்கும் மகள் கமலாத்தாளை அப்புறம் யாரும் கட்ட மாட்டார்கள்.

ஊட்டுக்காரருக்கு ஒடம்புக்கு என்ன என்று அப்புசாமி கேட்டார். பார்வை இன்னும் பாயில் இருந்தது.

“கள்ளுங்கண்ணா,” என்றாள் பூவாத்தாள். “காலைலயே ஊத்திக்கறாரு. மறைச்சு என்ன ஆகப்போகுது?”

சென்னிமலை அவளைப் பார்த்தார்.

அப்புசாமி சிரித்தார். கள்ளு மயக்கத்தில் மாட்டுக்குப் பதில் தன்னையே கட்டுத்தறியில் கட்டிக்கொண்ட பெரியப்பன் கதையைச் சொன்னார். ஆனாலும் தட்டிலிருந்து மென்றால் சம்மதம் என்று பொருள்படும் வெற்றிலையை எடுத்தவர், வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊரில்தான் கள்ளுக்கடையெல்லாம் மூடிவிட்டார்களே, பஸ்ஸுக்கு முன்னால் உங்கள் கடைக்கே போய் வருவோம் என்றார்.

கடையில் சத்தம் தலைக்குள் இடித்தது. சென்னிமலை பெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தார்.

“எப்பவும் குடுக்கறதையே குடுங்க, குப்பண்ணா.”

கடைக்காரர் குப்பண்ணனின் கை அப்படியே நின்றது. இத்தனை வருசத்தில் சென்னிமலை அந்த வாசலை மிதித்ததில்லை.

அப்புசாமி குப்பண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குப்பண்ணன் குப்பியை எடுத்தார். ஊற்றினார்.

“இன்னிக்கு என்னுங்க, இத்தனை நேரங் கழிச்சு?”

அப்புசாமி காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, வெற்றிலையை வாயில் வைத்தார்.