தங்க பெல்ட் இடிவீரன்

டேட்டன் பொம்மைச் சந்தையில் வெர்னா, முன்பக்கம் கண்ணாடித்தாள் போட்ட, சீல் பிரிக்காத பொம்மைப் பெட்டியைக் கூட்டத்துக்கு உயர்த்திக் காட்டினாள்.

"எல்லா இடிவீரன் பொம்மைக்கும் கறுப்பு பெல்ட். இவனுக்கு மட்டும் தங்கம். உலகத்துலேயே ஒண்ணுதான்!"

பன்னிரண்டு வருடத்துக்கு முன் அதைப் பிறந்தநாள் பரிசாகத் தந்த மெர்ல், இன்று கேட்டே விட்டான்.

"ஒருதடவைகூடத் திறந்து பார்க்கலையா?"

"பைத்தியமா உனக்கு? திறந்தா மதிப்பு போயிடும்."

"நானே திறந்துதான் ஒட்டினேன், வெர்னா. அது பெல்ட் இல்ல, மோதிரம். 'என்னைக் கட்டிக்கிறியா'ன்னு பொம்மைக்குப் பின்னால சீட்டும் இருக்கு. நீ இன்னும் பதில் சொல்லல."

வெர்னா பெட்டியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண் கலங்கியது.

"ஒட்டினதே தெரியலையே, திருட்டுப் பயலே! சரி, கட்டிக்கிறேன். ஆனா இதைத் திறக்க விடமாட்டேன். எனக்கு வேற மோதிரம் வாங்கு."