நட்சத்திரம் போட்ட பெயர்கள்

“பேக்கேஜ் ரெடியாம்மா?” என்று கேட்டார் மேலாளர்.

“ரெடி சார். நான் செஞ்ச வியூவரைப் போட்டா, பழைய டேட்டாபேஸ் ஃபைலை இனிமே நம்ம லினக்ஸ் கம்ப்யூட்டர் எல்லாத்துலயும் பார்க்கலாம்” என்றாள் அவள். கம்ப்யூட்டர் பிரிவில் இருபத்திரண்டு வருடமாகத் தற்காலிக ஊழியர்.

“அந்த ரிசல்ட் ஃபைலையும் சேர்த்து எல்லாக் கிளைக்கும் அனுப்பிடுங்க. இருபத்திரண்டு வருஷம் முன்னாடி வேலைக்கு வெச்ச தேர்வுல நான்தான் முதல் ரேங்க்னா ஒரு பய நம்ப மாட்டேங்கிறான். கண்ணால பார்க்கட்டும்.”

அனுப்பினாள்.

“நீங்களும் அந்தத் தேர்வு எழுதினீங்கதானே? லிஸ்ட்லயே வரலை, பாவம்.”

“ஆமா சார்.”

“சரி, நமக்கும் திறந்து காட்டுங்க.”

திறந்தாள். மேலாளரின் பெயர் ஏழாவது வரியில் இருந்தது. அதற்கு மேலே ஆறு பெயர்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு நட்சத்திரக் குறி.

மேலாளர் திரையருகே குனிந்தார். “இதையெல்லாம் தேர்வுப் பிரிவுல இருந்த எங்க மாமா அன்னைக்கே அழிச்சிட்டாரே” என்று வாய்தவறி உளறினார்.

“அந்தக் காலத்து சாஃப்ட்வேர் நிஜமா அழிக்காது சார். அழிச்சதா இந்த நட்சத்திரக் குறியைப் போட்டு மறைச்சு வைக்கும், அவ்வளவுதான். நான் செஞ்ச வியூவர் எதையும் மறைக்காது.”

“உடனே அதை நிறுத்துங்கம்மா.”

“எல்லாக் கிளைக்கும் போய்ச் சேர்ந்தாச்சு சார். நீங்க சொன்ன மாதிரி இந்நேரம் கண்ணால பார்த்துக்கிட்டிருப்பாங்க.”

மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார்.

“முதல் வரியைப் படிச்சீங்களா சார்? என் பேருதான். இனிஷியல்கூட சரியா இருக்கு.”